மதியிறுக்கமுள்ள பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளி: இடம் எதை வைத்து முடிவாகிறது?

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு ஒவ்வோர் ஆண்டும் நடுப்பகுதியில் தொடங்கும். எந்தப் பள்ளி வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது, எதில் தொண்டூழியம் செய்தால் முன்னுரிமை என்று பல வீடுகளில் பேச்சு ஓடும். சில வீடுகளில் கேள்வியே வேறு. பிள்ளைக்கு மதியிறுக்கம், அதாவது ஆட்டிசம், என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்துவிட்டது. இனி எந்தப் பள்ளி? யாரிடம் விண்ணப்பிப்பது? இடம் கிடைக்குமா?

இதற்கான தகவல்கள் ஆங்கிலத்தில், பல இணையப் பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன. தமிழில் வந்து சேருவது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில் கேள்விப்பட்டதுதான். "ஆட்டிசம்னா ஸ்பெட் ஸ்கூல்தான்", அதாவது சிறப்புக் கல்விப் பள்ளிதான், என்பார் ஒருவர். "பாத்லைட்ல போட்டுடுங்க, அங்கதான் நல்லது" என்று அத்தகைய பள்ளி ஒன்றைச் சொல்வார் இன்னொருவர். "சாதாரண பள்ளியில விட்டா மத்த பிள்ளைகளைப் பார்த்துச் சரியாயிடும்" என்று மாமாவோ சித்தப்பாவோ அடித்துச் சொல்வார். மூன்றிலும் பாதி உண்மைகூட இல்லை.

மதியிறுக்கம் என்ற சொல்லை வைத்து இடம் முடிவாவதில்லை. பிள்ளை எந்தப் பாடத்திட்டத்தைத் தொடர முடியும், அதற்கு எவ்வளவு உதவி வேண்டும் என்ற இரண்டையும் வைத்தே முடிவாகிறது. அந்த இரண்டுக்குமான சான்று, நாலு முதல் ஆறு வயதுக்குள் எழுதப்படும் அறிக்கைகளில் இருக்கிறது. ஆகவே பள்ளியின் பெயரைத் துரத்துவதற்கு முன்னால் அறிக்கையைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

கட்டாயக் கல்விச் சட்டம் 2000-இல் நிறைவேறி 2003-இல் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் வசிக்கும் குடிமக்களின் பிள்ளைகள், ஆறு வயதைத் தாண்டி பதினைந்தை எட்டாதவர்கள், பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு முதலில் விலக்கு இருந்தது. 2019-இல் தொடக்கநிலை ஒன்றுக்குப் போன பிள்ளைகளிலிருந்து அந்த விலக்கு நீங்கியது. அவர்களுக்கு, அரசு நிதி பெறும் சிறப்புக் கல்விப் பள்ளியில் படிப்பதும் கட்டாயக் கல்வியாகவே கணக்கில் எடுக்கப்படுகிறது.

இதனால் பெற்றோருக்குப் பொறுப்பு கூடியது, அரசின் பொறுப்பும் கூடியது. ஆனால் 'இந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளி' என்று சட்டம் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஓர் இடம் கிடைப்பது வேறு, நாம் விரும்பிய இடம் கிடைப்பது வேறு. பெற்றோரின் மன உளைச்சலில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் விளைகிறது.

ஸ்பெட் பள்ளிகள்: யாருக்கு எது

பேச்சுவழக்கில் 'ஸ்பெட்' என்று சொல்லப்படும் சிறப்புக் கல்விப் பள்ளிகளைக் கல்வி அமைச்சு நேரடியாக நடத்துவதில்லை. சமூக சேவை அமைப்புகள் நடத்துகின்றன. நிதி, பாடத்திட்ட வழிகாட்டல், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றை அமைச்சு கவனிக்கிறது. இத்தகைய பள்ளிகள் இருபதுக்கும் மேல் உள்ளன. மதியிறுக்கமுள்ள பிள்ளைகளைப் பொறுத்தவரை அவற்றை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்:

1. தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளி. பாத்லைட் இந்த வகை. 2004-இல் 41 மாணவர்களோடு தொடங்கிய இந்தப் பள்ளியில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் உயர்நிலைப்பள்ளி முடிவில் எழுதும் ஜிசிஇ தேர்வுகளும் இங்கே உண்டு. பாடத்தைப் புரிந்துகொள்ளும் அறிவாற்றல் இருந்து, பெரிய வகுப்பறையின் சத்தம், நெரிசல், திடீர் மாற்றங்கள் ஆகியவற்றைச் சமாளிக்க முடியாத மதியிறுக்கப் பிள்ளைகளுக்கானது.

2. பிள்ளைக்கு ஏற்பத் தனிப்பயனாக்கிய பாடத்திட்டத்தில், மதியிறுக்கத்துக்கென்றே இயங்கும் பள்ளிகள். ஈடன், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆட்டிசம் பள்ளி ஆகியவை இதில் அடங்கும். ரெயின்போ சென்டர், ஆவா ஆகிய அமைப்புகளின் பள்ளிகள் மதியிறுக்கத்தோடு பல்வகை உடற்குறை உள்ள பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கின்றன. பேச்சு, கருத்துப் பரிமாற்றம், தானே சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, பேருந்தில் ஏறுவது ஆகியவையே இங்கே பாடத்தின் மையம். எழுத்தும் எண்ணும் உண்டு, பிள்ளையின் வேகத்தில்.

3. இலேசான அறிவுத்திறன் குறைபாட்டோடு மதியிறுக்கமும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளை எடுக்கும் பள்ளிகள். ஏபிஎஸ்என் அமைப்பின் பள்ளிகள், மெட்டா, கிரேஸ் ஆர்ச்சர்ட் போன்றவை. வேலைத்திறன் பயிற்சிக்கு இவை முக்கியத்துவம் கொடுக்கின்றன.

4. அறிவுத்திறன் குறைபாடு கூடுதலாக உள்ளவர்களுக்கு மைண்ட்ஸ் அமைப்பின் பள்ளிகள்.

இந்தப் பட்டியலை 'ஒன்றாம் தரம், இரண்டாம் தரம்' என்று படிப்பவர்கள் நிறைய. நம் சமூகத்தில் இது கொஞ்சம் அதிகம் என்றே தோன்றுகிறது. தேர்வு இருக்கும் பள்ளி உசத்தி, இல்லாத பள்ளி தாழ்த்தி என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. ஆனால் பேச்சே வராத பிள்ளையைப் பின்னம் கற்றுத்தரும் வகுப்பில் உட்கார வைத்தால், அந்தப் பிள்ளைக்கு ஆறு ஆண்டுகளும் வீணாகும். படத்தைக் காட்டித் தண்ணீர் கேட்கக் கற்றுத்தரும் வகுப்புதான் அந்தப் பிள்ளைக்கு உண்மையான பள்ளி.

பெரும்பாலோர் வழக்கமான பள்ளியில்தான்

சிறப்புத் தேவை உள்ளதாக அறியப்பட்ட மாணவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வழக்கமான பள்ளிகளில் படிக்கிறார்கள் என்பது கல்வி அமைச்சு தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. இதில் வாசிப்புக் குறைபாடு, கவனக்குறைபாடு எல்லாம் அடக்கம். மதியிறுக்கமுள்ள பிள்ளைகளும் கணிசமாக இருக்கிறார்கள்.

ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் சிறப்புத் தேவைக்கான அதிகாரிகள் உண்டு, கூடுதல் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் உண்டு. தொடக்கநிலை ஒன்றில் நுழையும்போது பள்ளி வாழ்க்கைக்குப் பழக உதவும் 'டிரான்சிட்' என்ற திட்டம் படிப்படியாக எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டு வருகிறது. இருந்தாலும் தொடக்கநிலை ஒன்று, இரண்டில் ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் வரை இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஆசிரியர் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வதைப் பிள்ளை தனக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ளுமா? பாலர்பள்ளியில் பெரிய குழுவில் இருக்கும்போது கவனித்தாலே ஓரளவு பதில் தெரிந்துவிடும்.

அறிக்கையில் என்ன இருக்கிறது

பெற்றோர் கையில் பெரும்பாலும் இரண்டு வகை அறிக்கை சேரும். இரண்டும் ஒன்றல்ல.

முதலாவது நோய்நிர்ணய அறிக்கை. கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவில்தான் பெரும்பாலும் இது எழுதப்படுகிறது. பாலிகிளினிக் எனப்படும் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு போனால் சலுகைக் கட்டணம். பிள்ளைக்கு மதியிறுக்கம் இருக்கிறதா என்பதற்கே முக்கியமாக இந்த அறிக்கை பதில் சொல்லும். மனநலக் குறைபாடுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின், 2013-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின்படி, எவ்வளவு ஆதரவு தேவை என்பதை ஒன்று, இரண்டு, மூன்று என நிலைகளாகக் குறிப்பதுண்டு. மதியிறுக்கத்தின் ஒரு வகையைக் குறித்த 'ஆஸ்பெர்கர்' என்ற தனிப்பெயர் அந்தப் பதிப்பிலேயே நீங்கிவிட்டது. பழைய பேச்சில் இன்னும் அது அடிபடுவதால் பலர் குழம்புகிறார்கள்.

பள்ளி முடிவுக்கு அதிகம் பயன்படுவது இரண்டாவது, அதாவது உளவியல் மதிப்பீட்டு அறிக்கை. அதில் இரண்டு அளவீடுகள் இருக்கும்.

1. அறிவாற்றல் அளவு. 'ஐக்யூ' என்று நாம் சொல்வது. சராசரி 100. ஏறத்தாழ 70-க்குக் கீழே வந்தால் அறிவுத்திறன் குறைபாடு இருக்கலாம் என்று பார்ப்பார்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட மாட்டார்கள்.

2. அன்றாட வாழ்க்கைத் திறன் அளவு. சட்டை போடுவது, ஆபத்தை அறிவது, தேவையைச் சொல்வது, மற்றவரோடு பழகுவது. இதைப் பிள்ளையைச் சோதித்து அளப்பதில்லை. பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்டுத்தான் அளக்கிறார்கள்.

இரண்டிலும் தவறு நேர இடமுண்டு, அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அறிவாற்றல் சோதனை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த, பாட்டியோடு பகல் முழுக்க இருந்த பிள்ளைக்குக் கேள்வி புரியவில்லையா, மொழி புரியவில்லையா என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஆகவே வீட்டு மொழி எது, பிள்ளை எந்த மொழியில் கட்டளைகளைப் பின்பற்றுகிறது என்று சோதனைக்கு முன்பே உளவியலாளரிடம் சொல்லிவிட வேண்டும். பேச்சைச் சாராத சோதனை முறைகளும் உள்ளன. அப்புறம், அன்றைக்குப் பிள்ளை அழுது புரண்டு ஒத்துழைக்காவிட்டால், அதை அறிக்கையில் குறிப்பிடும்படி கேட்பதில் தவறில்லை. ஐந்து வயதில் எடுத்த எண் வாழ்நாள் முழுதும் அப்படியே நிற்கும் என்றும் இல்லை. சிறுவயது மதிப்பெண், குறிப்பாகப் பேச்சு தாமதமான பிள்ளைகளின் மதிப்பெண், நன்றாகவே மாறக்கூடியது.

அன்றாடத் திறனில் நேரும் பிழை வேறு மாதிரி. பிள்ளையை விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. "தானா சாப்பிடுவானா?" என்று கேட்டால் "சாப்பிடுவான்" என்று வந்துவிடும். உண்மையில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வாய்க்கும் நினைவூட்ட வேண்டியிருக்கும். இப்படிக் கூட்டிச் சொன்னால், பிள்ளை தாங்க முடியாத அளவு குறைவான உதவியுள்ள வகுப்புக்குப் போய்ச் சேரும். கூடுதல் உதவி கிடைக்கும் என்று நினைத்துக் குறைத்துச் சொன்னால், அதற்கு நேர்மாறான இழப்பு. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டியோ இல்லப் பணிப்பெண்ணோ என்றால், அவர்கள் சொல்வதையும் கேட்டுக் குறித்துக்கொண்டு போவது நல்லது. அலுவலகத்திலிருந்து இரவு ஏழரைக்கு வரும் அப்பாவுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

எப்போது என்ன செய்வது

1. சந்தேகம் வந்த உடனே. பிறந்தபோது கொடுத்த சுகாதாரக் கையேட்டில் வளர்ச்சிப் பரிசோதனைக்கான வயதுகள் குறிக்கப்பட்டிருக்கும். பதினெட்டு மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரலால் சுட்டிக் காட்டாதது போன்றவற்றைப் பலதுறை மருந்தகத்தில் சொல்ல வேண்டும். "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்ற வீட்டுச் சமாதானம் பல பிள்ளைகளுக்கு ஓராண்டைத் தின்றிருக்கிறது.

2. ஆரம்பக்கட்டத் தலையீடு. 'எய்பிக்' எனப்படும் திட்டம் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. மருத்துவமனையின் பரிந்துரை வழியாக இடம் கிடைக்கும். சில மாதங்கள் காத்திருக்க நேரலாம். கட்டணம் குடும்ப வருமானத்துக்கு ஏற்ப மாறும். இலேசான தேவை உள்ளவர்களுக்குப் பாலர்பள்ளியிலேயே உதவி கிடைக்கும் திட்டங்களும் உண்டு. பள்ளி விண்ணப்பம் என்று வரும்போது எய்பிக் நிலையத்தின் ஆசிரியர்களும் சிகிச்சையாளர்களும்தான் உங்களுக்கு முதல் வழிகாட்டிகள்.

3. கே1, அதாவது தொடக்கநிலை ஒன்றுக்கு இரண்டு ஆண்டு முந்தைய பாலர்பள்ளி ஆண்டின், பிற்பகுதி. எந்த வகைப் பள்ளி பொருந்தும் என்று நிலையத்தோடு பேசத் தொடங்குங்கள். உளவியல் மதிப்பீட்டுக்கு முன்பதிவு செய்யவும் இதுவே நேரம். அரசு மருத்துவமனைகளில் வரிசை நீளம். தனியாரிடம் விரைவில் கிடைக்கும், செலவு கூடும். மிகப் பழைய அறிக்கையைப் பள்ளிகள் ஏற்பதில்லை. ஆகவே மூன்று வயதில் எடுத்தது போதும் என்று இருந்துவிடக் கூடாது.

4. பள்ளிகளின் திறந்தநாள். விண்ணப்பத்துக்கு முன்பே போய்ப் பாருங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் விருதுகளை விட்டுவிட்டு, ஒரு பிள்ளை அழும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்.

5. கே2, அதாவது பாலர்பள்ளியின் கடைசி ஆண்டின், தொடக்கம். ஸ்பெட் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் காலம் இது. விண்ணப்பத்தில் பெற்றோர் எழுத வேண்டிய பகுதியும் நிபுணர் எழுத வேண்டிய பகுதியும் உண்டு. விருப்பப் பள்ளிகளை வரிசைப்படுத்த வேண்டும். அந்த வரிசையும் நிபுணரின் பரிந்துரையும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் விண்ணப்பம் இழுத்துக்கொண்டே போகும். கருத்து வேறுபாடு இருந்தால் படிவம் போவதற்கு முன்பே உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வது மேல்.

6. பள்ளியின் சந்திப்பு. பள்ளி பிள்ளையை நேரில் பார்க்கக் கூப்பிடலாம். இதற்கெனத் துணைப்பாடம் வைத்துப் பிள்ளையைத் தயார்செய்யும் ஆசை சிலருக்கு வருகிறது. அது பிள்ளைக்கே பாதகம். மனப்பாடம் செய்த பதிலால் கிடைக்கும் இடம், முதல் தவணையிலேயே சுமையாகிவிடும்.

தமிழை நிறுத்த வேண்டுமா

ஸ்பெட் பள்ளிகளில் பயிற்றுமொழி பெரும்பாலும் ஆங்கிலம். அதனால் "வீட்டில் ஒரே மொழி பேசுங்கள்" என்ற அறிவுரையை இன்றும் சிலர் கொடுக்கிறார்கள், குடும்பங்களும் தமிழை நிறுத்திவிடுகின்றன. இரு மொழிச் சூழல் மதியிறுக்கப் பிள்ளையின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பள்ளியின் முக்கியக் கட்டளைச் சொற்களை, 'காத்திரு', 'முடிந்தது', 'உதவி' போன்றவற்றை, ஆங்கிலத்திலும் பழக்குவது நல்ல தயாரிப்பு. அதற்காகத் தாத்தா பாட்டி பிள்ளையோடு பேசுவதையே விட வேண்டியதில்லை. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் திக்கித் திக்கிப் பேசும் நாலு வார்த்தையைவிட, இயல்பாகப் பேசும் தமிழில் பிள்ளை கற்பது அதிகம்.

செலவும் பயணமும்

குடிமக்களுக்கு ஸ்பெட் பள்ளிக் கட்டணம் பெருமளவு மானியத்தோடு வருகிறது, எடுசேவ் எனப்படும் அரசின் கல்வி நிதியும் உண்டு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தனி நிதியுதவித் திட்டமும் உண்டு. கட்டணத்தைவிடப் பல வீடுகளை உலுக்குவது பேருந்துச் செலவுதான். சிறப்புப் பள்ளி வீட்டருகே இருப்பது அரிது. உட்லண்ட்ஸிலிருந்து பீஷான், ஜூரோங்கிலிருந்து பாசிர் ரிஸ் என்று தூரம் போனால் கட்டணமும் ஏறும், பிள்ளை பேருந்தில் உட்காரும் நேரமும் ஏறும். உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் வழியாக வருமான அடிப்படையில் போக்குவரத்து மானியம் உண்டு. இரு பெற்றோரும் வேலைக்குப் போனால், பள்ளிக்குப் பிந்தைய மாணவர் பராமரிப்பு அந்தப் பள்ளியில் இருக்கிறதா என்பதையும் விருப்ப வரிசை போடும் முன்பே கேட்க வேண்டும்.

குடியுரிமை இல்லாத குடும்பங்கள்

சிங்கப்பூர்த் தமிழர்களில் நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் நிறைய. கட்டாயக் கல்விச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே. அரசு நிதி பெறும் ஸ்பெட் பள்ளிகளில் குடிமக்களுக்கே முன்னுரிமை, மற்றவர்களுக்குக் கட்டணமும் கூடுதல். வேலை அனுமதியில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு நடைமுறையில் தனியார் நிலையங்களும் சிறப்புத் தேவைக்கு இடம்கொடுக்கும் சில அனைத்துலகப் பள்ளிகளுமே வழி. அவற்றின் செலவு பல குடும்பங்களின் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கக்கூடியது. ஊருக்குத் திரும்புவதா என்ற கேள்வி இங்கே தவிர்க்க முடியாமல் எழுகிறது. அதைப் பிள்ளைக்கு ஆறரை வயதானபின் அவசரத்தில் முடிவு செய்வதைவிட, மூன்று நாலு வயதிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

விரும்பிய பள்ளி இல்லை என்றால்

மதியிறுக்கம் கண்டறியப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. சிங்கப்பூரில் 150 பிள்ளைகளில் ஒருவருக்கு என்பது அதிகாரபூர்வமாக அதிகம் சுட்டப்படும் கணக்கு. பாத்லைட்டின் இரண்டாம் வளாகம் தெம்பனீஸில் 2023-இல் திறந்தது. மற்ற அமைப்புகளும் விரிவாக்கம் செய்கின்றன. ஆனாலும் தேவை அதிகமுள்ள பள்ளியில் இடம் இல்லை என்ற பதில் வரத்தான் செய்கிறது. அப்போது முதலில் காரணத்தைக் கேட்டுப் பிரித்தறிய வேண்டும். இடம் நிரம்பியதால் இல்லையா, பிள்ளையின் தேவைக்கு அந்தப் பள்ளி பொருந்தாததால் இல்லையா?

1. இடம் நிரம்பியது என்றால், காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கட்டும். இடையில் விருப்ப வரிசையின் அடுத்த பள்ளியை மனதார ஏற்றுக்கொள்வது நல்லது. காலி நாற்காலிக்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கற்ற பழக்கங்கள் கரையும்.

2. பொருந்தாது என்றால், எந்த அளவீட்டை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். மொழிப் பிரச்சினையாலோ அன்றைய உடல்நிலையாலோ மதிப்பெண் குறைந்தது என்பதற்கு எய்பிக் ஆசிரியரின் எழுத்துபூர்வமான குறிப்பு இருந்தால், மறுபரிசீலனைக்கு அது வலுவான ஆவணம். "அவனுக்கு எல்லாம் தெரியும், உங்களுக்குத்தான் புரியல" என்ற வாதம் எங்கும் எடுபடாது.

3. பிள்ளை இன்னும் எந்தப் பள்ளிக்கும் தயாராகவில்லை என்று நிபுணர் கருதினால், தொடக்கநிலை ஒன்றில் சேர்வதை ஓராண்டு தள்ளிவைக்க அமைச்சிடம் கேட்கலாம். அதற்கு நிபுணரின் பரிந்துரை வேண்டும். விருப்பப் பள்ளியின் கதவு அடுத்த ஆண்டு திறக்கும் என்ற நம்பிக்கை மட்டும் இதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. அந்த ஓராண்டில் எந்தத் திறனை வளர்க்கப் போகிறோம், யார் சொல்லிக்கொடுப்பார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

4. ஏழு வயதில் கிடைத்த இடமே இறுதி என்று யாரும் சொல்வதில்லை. எண்ணிக்கை குறைவுதான் என்றாலும், ஸ்பெட் பள்ளியிலிருந்து வழக்கமான பள்ளிக்கும், அங்கிருந்து இங்கும் மாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு ஸ்பெட் பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கும் மாறலாம். மாற்றம் கேட்கும்போது மீண்டும் அதே கேள்விகள் வரும்: எந்தப் பாடத்திட்டம், எவ்வளவு உதவி. அதனால் பள்ளி ஒவ்வோர் ஆண்டும் தரும் தனிநபர் கல்வித் திட்டத்தின் நகல்களையும் சிகிச்சைக் குறிப்புகளையும் ஒரே கோப்பில் தேதிவாரியாக வைத்திருங்கள்.